காகிதம், கண்ணாடி, தகரம்

நம் சங்கத்து ஆண்டு விழா மலர் என்றால் கரிகாலன் எடுத்த கல்லணையைப் பற்றியோ, இராசேந்திரன் கடல் கடந்து செலுத்திய கப்பற்படையைப் பற்றியோ ஒரு வரலாற்றுக் கட்டுரை இடம்பெறுதல் வழக்கம். அவ்வழக்கத்தை விட்டு இம்முறை குப்பையின் வரலாற்றை எழுதப் புகுந்தோம். மங்கலமான விழாவிலே இஃதென்ன பேச்சு என்று அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும், நாம் பிழைக்க வந்த இப்புனே நகரம் அண்மைக் காலத்தில் இந்திய நாட்டிற்கு அளித்த அரிய புதுமைகளுள் ஒன்று குப்பைத்தொட்டியின் அருகிலேதான் பிறந்தது. அதனைப் பிறப்பித்தோர் பெரும்பாலும் பள்ளி வாயிலை மிதியாத பெண்கள். அவர்கள் வெளியூரார் அல்லர். நாள்தோறும் நம் காலனியின் வாயிற்படிக்கு வருபவர்கள். அவர்களுடைய வரலாறும் எழுதத்தக்க வரலாறே என்பது நம் துணிபு.

இக்காலத்து அறிஞர்கள் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்றொரு தொடரை வழங்குகின்றனர். ஒரு பொருளை ஆக்கிப் பயன்படுத்தி எறிந்துவிடுவது நேர்கோடு. எறியாது மீண்டும் மூலப்பொருளாக்கி ஆலைக்கே அனுப்புவது வட்டம். தொடர் புதிது, செயலோ நம் பாட்டிமார் அறிந்தது. பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் என்று கூவி வந்தவனின் குரலைத் தமிழ்நாட்டுத் தெருக்களில் வளர்ந்த எவரும் மறந்திரார். சாணமும் சாம்பலும் காய்கறித் தோலும் கொல்லைப்புறத்து எருக்குழியிற் சேர்ந்து, மட்கி, கோடையில் வண்டியேறி வயலுக்குப் போகும். மராட்டிய நாட்டிலும் இதுவே முறை. பழந்துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர்ப் பாத்திரம் கொடுக்கும் பெண்ணை இங்கே 'போஹாரிண்' என்பர். கிழிந்த சேலைகளை அடுக்கித் தைத்த மெத்தென்ற போர்வைக்குக் 'கோதடி' என்று பெயர். புனேயின் குளிருக்கு அதனினும் இதமானது வேறில்லை. மங்கள்வார் பேட்டையில் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாரில் பழைய பூட்டும் பழைய கடிகாரமும் விலைபோவதை நாமும் வேடிக்கை பார்த்திருக்கின்றோம். சில வேளைகளில் ஏமாந்து வாங்கியும் இருக்கின்றோம்.

ஆனால் அக்காலத்து வட்டத்திற்கும் இக்காலத்து வட்டத்திற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. அன்று வீட்டிலிருந்து வெளியேறிய கழிவு சிறிது. அதனுள் பெரும்பகுதி தானே மட்கிவிடும். பிறகு பிளாஸ்டிக் வந்தது. பால் உறையில் வந்தது. எண்ணெய் டப்பாவில் வந்தது. கடைக்குக் கைவீசிப் போய்ப் பைநிறைய மீளும் பழக்கமும் வந்தது. நகரத்தின் தெருமுனைகளில் மாநகராட்சி வைத்த இரும்புத் தொட்டிகள் நிறைந்து வழிந்தன. எருவாக வேண்டியதும், ஆலைக்குச் செல்ல வேண்டியதும், ஒன்றுக்கும் உதவாததும் அவற்றிலே கலந்து நாறின. அந்நாற்றத்தினுள் கைவிட்டு வட்டத்தைத் தொடரவைக்க யாரேனும் வேண்டியிருந்தது. வேறு பிழைப்பில்லாதாரே அதற்கு வந்தனர்.

அவர்கள் எங்கிருந்து வந்தனர்? 1972-ஆம் ஆண்டில் மராட்டியத்தைக் கொடும் பஞ்சம் பிடித்தது. முந்திய ஆண்டுகளிலும் மழை பொய்த்திருந்தது. மராட்வாடாப் பகுதியின் கிராமங்களில் கிணறுகள் வற்றின, கால்நடைகள் மடிந்தன. நிலமற்ற கூலிகள், அவர்களுள்ளும் மாங்கு, மகார் முதலிய தாழ்த்தப்பட்ட சாதியார், குடும்பத்தோடு நகரங்களை நோக்கிப் புறப்பட்டனர். புனேக்கு வந்த ஆடவர் சிலருக்குக் கட்டட வேலையோ மூட்டை தூக்கும் வேலையோ அகப்பட்டது. பெண்களுக்கு அதுவும் அரிதாயிற்று. வீட்டு வேலைக்குச் சேர்க்கச் சாதி தடையாய் நின்றது. அடுப்படிக்குள் விடமாட்டார், ஆனால் அடுப்படியிலிருந்து வெளியே எறிந்ததைப் பொறுக்கினால் தடுப்பார் இல்லை. முதலீடு வேண்டாம், சிபாரிசு வேண்டாம், ஒரு சாக்கும் விடியற்காலையில் எழும் மனமும் போதும். இங்ஙனம் ஒரு தொழில் உண்டாயிற்று. பஞ்சத்தால் ஊர்விட்டு ஊர் பெயர்வது என்னவென்பதைத் தமிழராகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இத்தொழிலின் நுட்பத்தைச் சற்றே அறிதல் நலம். வெளியே நிற்பவர் கண்ணுக்கு அது வெறும் பொறுக்குதல். உள்ளே நுழைந்தால் அது ஒரு வகைப்படுத்தும் கலை. வெள்ளைத்தாள் வேறு, செய்தித்தாள் வேறு, அட்டைப்பெட்டி வேறு. பால் உறையின் மெல்லிய பிளாஸ்டிக்கும் உடைந்த வாளியின் கெட்டிப் பிளாஸ்டிக்கும் ஒரே மூட்டையிற் கலந்தால் இரண்டின் விலையும் கெடும். நிறமுள்ள கண்ணாடியை நிறமற்றதோடு சேர்த்தலாகாது. அட்டை நனைந்தால் விலை விழும். சாம்பார் வடிந்த செய்தித்தாளை எந்த ஆலையும் தொடாது. இவ்வாறு பிரித்த சரக்கு முதலில் பேட்டையிலுள்ள சிறு 'பங்கார்' கடைக்குச் செல்லும். அங்கிருந்து மொத்த வியாபாரிக்கும், அவரிடமிருந்து லாரியேறிக் காகித ஆலைக்கும் உருக்காலைக்கும் போகும். ஆலைக்காரர் தருமத்திற்காக இதனை வாங்குவதில்லை. பாக்சைட்டு மண்ணிலிருந்து புதிதாய் அலுமினியம் எடுக்கச் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கைக் கொண்டே பழைய அலுமினியத்தை உருக்கி எடுத்துவிடலாம். உடைந்த கண்ணாடியைச் சேர்த்தால் உலையின் எரிபொருள் மிச்சமாகும். இலாபம் உண்டு, ஐயமில்லை. ஆனால் சங்கிலியின் மேற்கண்ணியில் உள்ளவர்க்குப் பெரும் பங்கும், தொட்டிக்குள் கைவிட்டவளுக்குச் சில்லறையும் என்பதே அதன் நியதியாக இருந்தது. தராசு கடைக்காரருடையது, கணக்கும் அவருடையதே.

காசினும் கொடிது மதிப்பின்மை. சாக்குடன் விடியற்காலையில் தெருவில் நடக்கும் பெண்ணைக் காவலர் திருடியென்றே ஐயுற்றனர். எங்கேனும் ஒரு செம்புக் குழாய் காணாமற்போனால் முதலில் அவளுடைய சாக்கே சோதனை செய்யப்பட்டது. வீட்டார் அவளைக் 'கச்ராவாலி' என்றனர். நாம் தமிழில் குப்பைக்காரி என்றோம். குப்பையை உண்டாக்கியவர் வீட்டுக்குள் இருக்க, அதை அகற்றியவள் அப்பெயரைச் சுமந்தாள்.

இனி, புனே நகரத்தின் மற்றொரு மரபைக் கூறவேண்டும். 1848-இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஜோதிராவ் புலே, 1868-இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதவர்க்குத் திறந்துவிட்டார். பிற்பாடு இந்நகராட்சியிலே உறுப்பினராகவும் இருந்தார். அம்மரபில் வந்தவர் 1930-இல் பிறந்த மருத்துவர் பாபா ஆடாவ். அவர் 1950-களிலேயே மூட்டை தூக்கும் தொழிலாளரை 'ஹமால் பஞ்சாயத்து' என்னும் சங்கமாகத் திரட்டினார். இரயில்வே குட்ஸ் ஷெட்டில் ஊழியம் பார்ப்போருக்கு ஹமால் என்பவன் யார் என்று சொல்ல வேண்டா. அவனது முதுகின்றி ஒரு வேகனும் காலியாகாது; ஆயினும் அவன் பெயர் எந்த மஸ்டர் ரோலிலும் இராது. அத்தகையோரின் நெடிய போராட்டத்தின் பயனாகவே 1969-இல் மராட்டிய அரசு மாத்தாடித் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. நிலையான முதலாளி இல்லாத தொழிலாளிக்கும் வாரியம் வழியாகக் கூலியும் சேமநிதியும் கிடைக்க அச்சட்டம் வழிசெய்தது. 1974-இல் ஹமால் பஞ்சாயத்து 'கஷ்டாச்சீ பாக்கர்' என்னும் மலிவு விலை உணவகத்தையும் தொடங்கிற்று. உழைப்பின் ரொட்டி என்பது அதன் பொருள். அங்குச் சென்று வயிறார உண்ட அன்பர்கள் நம் சங்கத்திலும் பலர் உளர்.

இவ்விரு நீரோட்டங்களும் கலந்தது 1990-களின் தொடக்கத்தில். பெரியார் கார்வே 1916-இல் புனேயில் நிறுவிய பெண்கள் பல்கலைக்கழகம் பின்னர் எஸ்.என்.டி.டி. என்னும் பெயரால் வளர்ந்தது. அதன் முதியோர் கல்வித் துறையைச் சேர்ந்த பூர்ணிமா சிக்கர்மானே, லட்சுமி நாராயண் என்னும் இருவர் குடிசைப் பகுதிகளில் எழுத்தறிவிக்கச் சென்றனர். கையில் அரிச்சுவடி இருந்தது. கற்கவேண்டியவர்களுக்கு நேரம் இல்லை. பிள்ளைகளும் தாயோடு சாக்கெடுத்துத் தெருவுக்குப் போய்விட்டிருந்தனர். ஆகவே ஆசிரியைகளும் அவர்களோடு தெருவுக்குச் சென்றனர். சென்றபோது ஒன்று விளங்கிற்று. வீட்டாரே மட்கும் குப்பையையும் மட்காக் குப்பையையும் பிரித்துத் தந்தால், அப்பெண்கள் தொட்டிக்குள் இறங்க வேண்டியதில்லை. வேலை நேரம் குறையும். சரக்குத் தூய்மையாயிருப்பதால் வருமானம் ஏறும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் கூடும். எளிய உண்மைதான். எனினும் எந்த நிபுணர் குழுவும் அதுகாறும் அதனைக் கண்டுரைத்ததில்லை. தொட்டியின் பக்கம் நிபுணர்கள் போவது அருமை.

சில பகுதிகளில் வீட்டாரைக் கேட்டு அவ்வாறே செய்தும் பார்த்தனர். பயன் தெரியத் தொடங்கிய வேளையில், தொழில் நடத்த விரும்பிய ஒருவர் வண்டி கொண்டுவந்து அதே வீடுகளில் கட்டணத்திற்குக் குப்பை எடுக்கலானார். குப்பையில் காசு உண்டென்று தெரிந்தவுடனே முதல் உள்ளோர் வருவர். இது எந்நாட்டிலும் நிகழ்வது. பெண்கள் எதிர்த்து நின்றனர். இத்தனை ஆண்டு நாற்றத்தைச் சுமந்தவர் நாங்கள், மணம் வந்தபின் வேறொருவர்க்கா என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். வண்டி பின்வாங்கியது. அந்நிகழ்ச்சி ஒன்றை உணர்த்திற்று: தனித்தனியே நின்றால் நாளை வேறொரு வண்டி வரும்.

1993-ஆம் ஆண்டு மே மாதத்தில் குப்பை பொறுக்குவோர் மாநாடு ஒன்று பாபா ஆடாவ் தலைமையில் புனேயில் கூடிற்று. எண்ணூற்றுக்கு மேற்பட்டோர் வந்தனர். 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து' என்னும் தொழிற்சங்கம் அங்கே உதயமாயிற்று. காகத் என்பது காகிதம். காச் என்பது கண்ணாடி. பத்ரா என்பது தகரம். கஷ்டகரி என்போர் உழைப்பாளிகள். குப்பை என்னும் சொல்லே அப்பெயரில் இல்லாமையை நோக்குக. நாங்கள் எடுப்பது குப்பையன்று, மூன்று வகைச் சரக்கு. நாங்கள் பிச்சைக்காரரல்லர், தொழிலாளர் என்பதை அப்பெயரே முழங்குகின்றது. பெயர் வைப்பதில் இத்துணைக் கருத்தாயிருந்த சங்கம் வேறொன்றை நாம் கண்டதில்லை. அதன் உறுப்பினரில் பெரும்பாலோர் பெண்கள்.

சங்கம் முதலில் கேட்டது கூலியன்று, மானியமன்று, ஓர் அட்டை. சங்கம் தன் உறுப்பினர்க்கு அடையாள அட்டை அளித்தது; 1996-இல் புனே மாநகராட்சி அதனை ஏற்றுத் தன் ஒப்பத்தையும் அதில் இட்டது. இந்திய மாநகராட்சிகளுள் இதனை முதலிற் செய்தது புனேயே. அட்டையில் ஒரு நிழற்படம், ஒரு பெயர், ஒரு முத்திரை. அஃதென்ன பெரிய காரியம் என்று வினவலாம். அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பதிவேடு எழுதிவரும் நமக்கு அது பெரிய காரியமே. பதிவேட்டில் ஏறாத சரக்கு தொலைந்தால் கேட்பாரில்லை, மனிதரும் அப்படியே. காவலர் வழிமறித்தால் காட்டுதற்கு அவளிடம் இப்பொழுது மாநகராட்சியின் முத்திரை இருந்தது.

அடுத்தது எடை. 2001-இல் வெளிவந்த ஆய்வொன்று சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் பொருட்டுச் செய்யப்பட்டது. இப்பெண்கள் நாளொன்றுக்கு எடுத்துப் பிரித்து விற்கும் சரக்கு 144 டன் என்று அது கணக்கிட்டது. பத்து டன் லாரியில் ஏற்றினால் நாள்தோறும் பதினைந்து லாரி வேண்டும். இவர்கள் எடுக்காவிடின் இவ்வளவையும் மாநகராட்சியே சுமந்து கிடங்கிற் கொட்டியாக வேண்டும். அதனால் மிச்சப்பட்ட போக்குவரத்துச் செலவு மட்டும் ஆண்டுக்கு 1 கோடியே 58 இலட்சம் ரூபாய். நாம் பென்சிலை எடுத்து வகுத்துப் பார்த்தோம்: டன்னுக்கு ஏறத்தாழ 300 ரூபாய் ஆகின்றது. பார்சல் ஆபீசில் ஒரு டன்னை ஓசியில் ஏற்றிப் பாருங்கள். மறுநாளே விளக்கம் கேட்டு மெமோ வரும்! மேலும், ஒவ்வொரு பெண்ணும் மாதந்தோறும் 246 ரூபாய் மதிப்புள்ள உழைப்பை மாநகராட்சிக்குக் கூலியின்றி அளிக்கின்றாள் என்றும் அவ்வாய்வு காட்டிற்று. ஆண்டுக்கு 2,952 ரூபாய். ஏழை நகரத்திற்கு இனாம் கொடுக்கின்றாள். நகரம் ஏழைக்குக் கொடுக்கவில்லை. அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தது இதற்கு நேர்மாறாக.

இரயில்வேயில் கழித்துவிட்ட தண்டவாளத்திற்கும் துருப்பிடித்த போல்ட்டுக்கும் கணக்கேடு உண்டு, எடைச்சீட்டு உண்டு, ஏலம் உண்டு. எவரும் அதனைக் குப்பையென்று சொல்லார். 'ஸ்கிராப்' என்று மரியாதையாய்ச் சொல்வர். நகரத்தின் தெருவில் கிடந்தால் குப்பை, டிப்போவில் கிடந்தால் ஸ்கிராப். எடைச்சீட்டு ஒன்றே இரண்டிற்கும் இடையிலுள்ள வேற்றுமை. புனேயின் பெண்கள் அவ்வெடைச்சீட்டைத் தங்களுக்கென்று எழுதிவைத்தார்கள். அதன் பயனும் வந்தது. 2002–03-இல் பதிவுபெற்ற குப்பை பொறுக்குவோர்க்கு மருத்துவக் காப்பீடு செய்து அதன் கட்டணத்தை மாநகராட்சி ஏற்றது. கண்ணாடி கிழித்தல், ஊசி குத்துதல், நாய்க்கடி, மூச்சுக்கோளாறு ஆகியன நாள்தோறும் நேரும் தொழிலில் இது சிறு உதவியன்று.

இதற்கிடையில் 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு நகரத் திடக்கழிவு விதிகளை வெளியிட்டது. வீட்டு வாயிலிலேயே குப்பையைப் பெறவேண்டும், பிரித்தே பெறவேண்டும் என்பன அவ்விதிகளின் கருத்து. நல்ல விதிதான். ஆனால் தெருமுனைத் தொட்டி போய்விட்டால் தொட்டியை நம்பியவர் கதி என்னாவது? இவ்விடத்தில் வாசகரைச் சற்றே பாரிசு நகருக்கு அழைத்துச் செல்கின்றோம்.

1883-இல் அந்நகரத்து அதிகாரி யூஜீன் புபெல் என்பவர் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு வீட்டாரும் மூடியுள்ள தொட்டியிற் குப்பையை வைக்கவேண்டும். அழுகுவன ஒன்றிலும், காகிதமும் துணியும் மற்றொன்றிலும், கண்ணாடியும் ஓடும் சிப்பியும் வேறொன்றிலும் பிரிக்கவேண்டும். சுகாதாரத்திற்கு உகந்த ஆணை. ஆனால் இரவில் விளக்கும் கூடையும் ஏந்தித் தெருவோரக் குவியலிற் கந்தை பொறுக்கிப் பிழைத்த ஆயிரக்கணக்கானோரின் வயிற்றில் அது அடித்தது. பெருங்கூக்குரல் எழுந்தது, பத்திரிகைகளும் சேர்ந்துகொண்டன. இறுதியில் அவர்கள் தொட்டியில் தேடுதற்கு இடங்கொடுக்க வேண்டியதாயிற்று. பிரெஞ்சுக்காரர் இன்றும் குப்பைத்தொட்டியை 'புபெல்' என்றே அழைக்கின்றனர். அதிகாரியின் பெயர் மொழியில் நிலைத்தது. கந்தை பொறுக்கியவர் ஒருவர் பெயரும் நிலைக்கவில்லை.

பாரிசில் ஆணை வந்தபின் கூக்குரல் எழுந்தது. புனேயிலோ சங்கம் முந்திக்கொண்டது. வாயிலிலே பெறும் வேலையை எங்களிடமே கொடுங்கள் என்று அது கேட்டது. 2005 அளவில் சோதனையாகத் தொடங்கி, பெண்களே பங்குதாரராக உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது, அதுவே 'ஸ்வச்'. 2008-இல் மாநகராட்சி அதனுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. ஏற்பாடு இதுதான்: இருவர் சேர்ந்து ஒரு தள்ளுவண்டியுடன் சில நூறு வீடுகளுக்குச் செல்வர், ஈரக் குப்பையை மாநகராட்சி வண்டியிற் சேர்ப்பர், உலர்ந்ததைப் பிரித்துத் தாமே விற்பர். வீட்டார் மாதந்தோறும் சிறு கட்டணம் தருவர். வண்டி, கையுறை, சீருடை, மேற்பார்வைச் செலவு ஆகியன மாநகராட்சியைச் சேர்ந்தன. கட்டணமும் விற்ற பொருளின் விலையுமே பெண்களின் வருவாய். முன்னாள் பொறுக்கியவர்கள் மூவாயிரத்திற்கு மேற்பட்டோர் இவ்வாறு வீட்டு வாயிலில் உரிமையோடு மணியடிக்கும் நிலை பெற்றனர்.

தமிழகத்தை ஒப்பிட்டுப் பார்த்தல் பொருந்தும். 1989-இல் சென்னையில் எம். பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் தெருத்தோறும் குடியிருப்போரைச் சேர்த்து, ஒரு மூன்று சக்கர வண்டிக்காரரை அமர்த்தி, அவருக்குத் 'தெரு அழகு செய்வோர்' என்று மதிப்பான பெயரும் சூட்டிற்று. பாராட்டத்தக்க முயற்சி, நம் உறவினர் பலர் அதில் உழைத்தனர். ஆயின் அது வீட்டாரிடமிருந்து தொடங்கியது. வீட்டார் சலித்த இடத்தில் தளர்ந்தது. புனே முயற்சி உழைப்பவரிடமிருந்து தொடங்கியதால், வீட்டார் சலித்தபோதும் நின்றது. பசிக்குச் சலிப்பில்லை.

கடல் கடந்தும் இக்கிளர்ச்சி உண்டு. கொலம்பியா நாட்டின் தலைநகர் போகோட்டாவில் 2008-இல் குப்பை பொறுக்குவோரின் முதல் உலக மாநாடு கூடிற்று. அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2003-லும் 2011-லும் அவர்தம் உரிமையை நிலைநாட்டித் தீர்ப்பளித்தது. 2013 முதல் போகோட்டா நகரம் அவர்கள் மீட்டெடுத்த சரக்கின் எடைக்கேற்பப் பணம் தரலாயிற்று. எடைச்சீட்டு கூலிச்சீட்டாக மாறிய இடம் அது. புனேயில் எடை கணக்கிடப்பட்டது. அட்டையும் காப்பீடும் ஒப்பந்தமும் வந்தன. எடைக்குக் கூலி என்னும் படியை மட்டும் இந்நகரம் ஏறவில்லை.

இப்பெண்கள் துணிவின் ஒரு நிகழ்ச்சியைக் கூறாமல் விடுவதற்கில்லை. குடும்ப மலரில் எழுதக் கூசினும் எழுதுகின்றோம். மாதவிலக்கு அணையாடைகளை வீட்டார் பலர் சுற்றாமலே மற்றக் குப்பையோடு போட்டுவிடுவர். அவற்றைக் கையால் பிரிக்க வேண்டிய இழிவு அவர்களுடையதாயிற்று. 2013-இல் அவர்கள் பயன்படுத்தப்பட்ட அணையாடைகளை மூட்டை கட்டி, அவற்றைச் செய்து விற்கும் பெருநிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள்! விற்ற பொருளின் முடிவுக்கும் விற்றவரே பொறுப்பு என்பதை இதனினும் தெளிவாய் எவர் உரைக்க வல்லார்? 2016-இல் வந்த மத்திய அரசின் புதிய விதிகள், அணையாடையோடு அதனைச் சுற்றி எறிய உறையும் தரவேண்டுமென்று செய்வோரைப் பணித்தன. குப்பை பொறுக்குவோரை நகரங்கள் தம் ஏற்பாட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவ்விதிகளிலேயே ஏறிற்று. 2017 முதல் புனேயில் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் பொட்டு இட்டு வைக்கும்படி வீட்டாரைக் கேட்கலானார்கள். நம் இல்லத்தரசிகட்கு ஒரு பொட்டு இடுதல் அரிதன்று.

இத்துணை இருந்தும் அவர்கள் நிலை உறுதிப்பட்டுவிட்டதாகக் கருதலாகாது. முதல் ஒப்பந்தம் 2013-இல் முடிந்தபின் சில காலம் புதிய ஒப்பந்தம் இன்றியே வேலை நடந்தது. 2016-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் மீண்டும் காலம் முடிந்தது. அவ்வாண்டு கொரோனா நோய்க்கு அஞ்சி நாமெல்லாம் கதவடைத்திருந்த மாதங்களில் வாயிலுக்கு வந்து நின்றவர்கள் அவர்கள். ஆயினும் ஒப்பந்தம் முடியும் தறுவாயில், இவ்வேலையைப் பெரிய தனியார் குத்தகைக்கு விடலாமா என்ற பேச்சு எழுந்தது. லாரியும் இயந்திரமும் உள்ளவர் வந்தால் நகரம் நவீனமாகும் என்றனர் சிலர். குத்தகைக்காரர்க்கு எடைக்குப் பணம் என்றால், பிரித்துக் குறைப்பதில் அவருக்கு நாட்டம் எங்கிருந்து வரும்? நனைந்த குப்பை அதிக எடை நிற்கும்! இதனைக் குட்ஸ் ஷெட்டில் எந்தச் சிற்றாளும் சொல்வான். கொட்டிய இடத்தின் நிலையை அறிய வேண்டுவோர் ஊருளி தேவாசி, புர்சுங்கி கிராமத்தாரைக் கேட்கலாம். இந்நகரத்தின் குப்பைமலை அவர்கள் எல்லையில் எழுந்தது. கிணற்று நீர் கெட்டதென்று அவர்கள் பன்முறை லாரிகளை மறித்திருக்கின்றனர். பெண்கள் ஊர்வலம் வந்து வாதாடினர்; கூட்டுறவு கலையாமல் நின்றது.

இதே வாதம் சிறிய அளவில் காலனிகளிலும் நடைபெறுகின்றது. மாதக் கட்டணம் கொடுக்க மறுப்போர் உளர். வரியிலேயே அடங்கிவிட்டதே என்பது அவர்கள் கூற்று. மின்தூக்கியில் தள்ளுவண்டிப் பெண் ஏறலாகாது என்று தாளில் எழுதி ஒட்டிய கட்டடமும் உண்டு. மறுபுறம், பிள்ளையின் பள்ளிக்கூடத் தவணைக்கு முன்கூட்டியே ஆறு மாதக் கட்டணத்தைச் சேர்த்துக் கொடுத்த தமிழ்க் குடும்பங்களையும் நாம் அறிவோம். அப்பிள்ளைகள் இப்பொழுது தாயோடு தெருவுக்கு வருவதில்லை. வரவிடலாகாது என்பதில் சங்கம் தொடக்கம் முதலே கண்டிப்பாயிருந்து, அவர்களைப் பள்ளியிற் சேர்க்கப் பெரிதும் பாடுபட்டது. உறுப்பினர் சேமித்துக் கடன் பெறுதற்கு ஒரு நிதியமும் வைத்தது. கந்துவட்டிக்காரரிடமிருந்து அவர்களை மீட்டதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

இவ்வாண்டு விழா விருந்துக்கு வாழையிலையே போடுவதென்றும், காகிதக் குவளையை ஒழித்து எவர்சில்வர் தம்ளர் எடுப்பதென்றும் செயற்குழுவில் முடிவாகியிருக்கின்றது. எச்சில் இலையும் காய்கறிக் கழிவும் பந்தலின் பின்புறம் பச்சைத் தொட்டியில். அட்டைப்பெட்டி, பூமாலை கட்டிவந்த பிளாஸ்டிக் உறை, எண்ணெய் டின் ஆகியன தனியே உலர்ந்த சாக்கில். மறுநாள் காலை எட்டு மணிக்குத் தள்ளுவண்டியுடன் இருவர் வருவர். அன்றைக்குரிய அதிகப்படிக் கட்டணம் பொருளாளரிடம் கொடுத்து வைக்கப்பட்டுள்ளது.